கேட்டவன் தியன் மன்னன், பெயர் கெட்டது யெலாங்குக்கு

'கிணற்றுத் தவளை'க்கு ஈடாக, தலைக்கனத்தைச் சொல்லும் மரபுத்தொடர் சீன மொழியில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தவளையே அங்கும் உண்டு. சுவாங்ட்சு என்ற பழைய தத்துவ நூலில் அது பாழடைந்த கிணற்றில் இருந்தபடி கடலாமையிடம் பெருமையடிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது 'யெலாங் ட்ஸு தா'. 'யெலாங் தன்னைத்தானே பெரிது என்று எண்ணிக்கொண்டது' என்று பொருள்.

யெலாங் என்பது இன்றைய குய்சோ மாகாணப் பக்கம் இருந்த மலைநாடு. எனக்கு இந்தத் தொடரைச் சொல்லிக்கொடுத்த அலுவலக நண்பரும் குய்சோக்காரர்தான். சொல்லும்போதே அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. காரணம் பிறகுதான் புரிந்தது.

கதை, ஹான் அரசமரபு சீனாவை ஆண்ட காலத்தில் சிமா சியென் எழுதிய 'ஷிஜி' வரலாற்றில் வருகிறது. இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்த பாக்திரியா வரை போய்வந்த ஹான் தூதர் சாங் சியென், அங்கே சந்தையில் சிச்சுவான் துணியையும் மூங்கில் கைத்தடியையும் பார்த்திருக்கிறார். எங்கிருந்து வந்தன என்று கேட்டால், 'இந்தியாவிலிருந்து' என்றார்களாம். அப்படியானால் தென்மேற்கே இந்தியாவுக்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று ஹான் பேரரசர் வூ கி.மு. 122 வாக்கில் தூதர்களை அனுப்பினார். ஆக, அவர்கள் தேடிப் புறப்பட்டது நம் பக்கம் வரும் பாதையைத்தான். அது கிடைக்கவில்லை. இன்றைய யுன்னான் பக்கம் இருந்த தியன் நாட்டு மன்னன் ஆள் அனுப்பி உதவியும், குன்மிங் மக்கள் வழியை அடைத்துவிட்டார்கள்.

அந்தத் தியன் மன்னன்தான் தூதர்களிடம் முதலில் கேட்டான்: "ஹான் பெரிதா, என் நாடு பெரிதா?" யெலாங் தலைவனும் அதையே கேட்டான் என்று சிமா சியென் போகிறபோக்கில் ஒரு வரி சேர்க்கிறார். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

என்னைக் கேட்டால் இது திமிரே இல்லை. தெரியாதவன் கேட்ட கேள்வி. சிமா சியெனும் திட்டவில்லை. பாதை இல்லாததால் ஹானின் பரப்பு அவர்களுக்குத் தெரியவில்லை என்று மட்டும்தான் எழுதுகிறார். சுற்றியிருந்த சிறு நாடுகளில் யெலாங்தான் பெரியது என்பதையும் அவரே சொல்கிறார். வேறு எதை வைத்து அவன் அளப்பான்?

திமிர் என்று சொல்வதானால் யெலாங்கின் கடைசி மன்னன் சிங் செய்ததைச் சொல்லலாம். பக்கத்து நாடுகளோடு அவன் போட்ட சண்டையை நிறுத்தச் சொல்லி ஹான் அரசு தூதரை அனுப்பியது. இவனும் பக்கத்து நாட்டவர்களும் ஹான் அதிகாரியைப் போல மரப்பொம்மை செதுக்கி, வழியோரம் நிறுத்தி, அம்பெய்து விளையாடினார்கள். கி.மு. 27 வாக்கில் அவன் தலை போயிற்று, நாடும் போயிற்று. மரபுத்தொடர் மட்டும் அந்த அப்பாவிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது.

தியன் மன்னனுக்கு ஹான் அரசு கொடுத்த, பாம்பு வடிவப் பிடி கொண்ட தங்க முத்திரை 1956இல் யுன்னானில் கிடைத்தது. அவன் பெயருக்கு எந்தக் களங்கமும் இல்லை.

"எங்கள் ஊரை வீணாகக் கெடுத்துவிட்டார்கள்" என்று நண்பர் அன்றைக்கு வெகுநேரம் அலுத்துக்கொண்டார். மறுவாரம் கூட்டத்தில் ஒருவர் தன் திட்டத்தை வானளாவப் புகழ்ந்தபோது, என் காதோரம் குனிந்து அவரே முணுமுணுத்தார்: "யெலாங் ட்ஸு தா."