கீழ்ப்பாதி இல்லாத கோயில்

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயது. கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த ஒட்டுப்போர்வை பாதியில் நின்று பீரோவில் கிடக்கிறது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை முடிக்க எப்படி நேரம் கிடைக்கும்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பாளையங்கோட்டையில் போர்வையா? சித்திரையில் இங்கே தலையணையே சுடும். மார்கழியில் பத்து நாள், சாரலுக்குக் குற்றாலம் போனால் ஒரு ராத்திரி, அவ்வளவுதான் போர்வைக்கு வேலை. ஆகவே அவசரமே இல்லை.

ஆனால் 'ஒட்டு' என்று எழுதி என் பழைய வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள். துண்டு போடுவது நம் ஊருக்குப் புதிதா? 1986-ல் தூத்துக்குடியை வெட்டி எடுத்தார்கள். 2019-ல் தென்காசியை. துறைமுகம் ஒரு பக்கம் போயிற்று, குற்றாலம் இன்னொரு பக்கம் போயிற்று, அல்வா மட்டும் நமக்கு. ஒட்டுக்கும் ஓட்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். நாமும் ஓட்டுப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், வெட்டியதற்கு ஒட்டுப் போட ஒருத்தரும் வரவில்லை. இப்படி எழுதினால் கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் மூன்று அஞ்சலட்டை போடுவார். கழுகுமலையைத் திருநெல்வேலிச் சீமை என்று நான் எழுதும்போதெல்லாம் 'தூத்துக்குடி மாவட்டம்' என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறவர். இன்றைக்கும் அவருக்கு வேலை வைக்கப் போகிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த சொல் 'பாதியில்'. திருநெல்வேலிச் சீமைக் கழுகுமலையில் வெட்டுவான் கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை. மலையைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலே பூதகணங்களும் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போல இருக்கும். கண்ணைக் கீழே இறக்கினால் உளி பட்டும் படாமலும் வெறும் பாறை. ஆயிரத்து இருநூறு வருஷமாக அப்படியே நிற்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பன் மலையில் சமணச் சிற்பங்களைச் செதுக்க, மகன் கோயிலைச் செதுக்கினானாம். மகனின் கை முந்திவிட்ட ஆத்திரத்தில் அப்பன் அவனைக் கொன்றே போட்டானாம். அங்கே பெற்றவனால் வேலை நின்றது, உங்கள் வீட்டில் பிள்ளையால் நிற்கிறது. எவ்வளவோ பரவாயில்லை.

அந்தச் சிற்பிகளிடம் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொட்ட இடத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருக்கிறார்கள். மேல்துணி முழுவதையும் இணைத்து, பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து மொத்தமாகத் தைக்க உட்கார்ந்தால் கூடம் பூரா வேண்டும், உங்கள் பையன் சரியாக அதன் நடுவில் வந்து உட்காருவான். இதுவரை இணைத்ததைப் பிரிக்க வேண்டாம். மீதியைச் சதுரம் சதுரமாக எடுங்கள். ஒரு சதுரத்துக்கு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்து, ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிட்டால் அப்புறம் ஒன்றோடு ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். ஒரு சதுரம் டிபன் டப்பாவில் அடங்கும். ஊசியும் அதிலேயே. எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் திரும்பி வந்ததா என்று எண்ணி மூடிவிட்டுத்தான் பையனைத் தூக்க வேண்டும்.

நம் வெயிலுக்குப் பஞ்சுகூட வேண்டியதில்லை. வங்காளத்துப் பெண்கள் தேய்ந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா தைத்தார்கள். நம் 'கந்தை'யும் அதே சொல்தான். நாம் அதைக் கசக்கிக் கட்டச் சொல்லி ஒரு பழமொழியோடு நிறுத்திக்கொண்டோம். வீட்டில் ஆச்சியின் பழைய நூல்சேலை இரண்டு கேட்டுப் பாருங்கள். பையனின் தூளிச் சேலையை மட்டும் தொடாதீர்கள், பிறகு தையலும் இல்லை, தூக்கமும் இல்லை.

அவன் தூங்கும்போது தைக்கலாமே என்று நாலு பேர் சொல்வார்கள். கேட்காதீர்கள், நீங்களும் தூங்குங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே தூளிக் கயிற்றை இழுக்கிற பெண்களைக் காட்டி, "அவர்களால் முடிகிறதே" என்று ஒருவர் இந்தப் பக்கத்திலேயே உபதேசம் எழுதியிருந்தார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாவிட்டால் அடுப்பு எரியாது. அதைச் சாமர்த்தியம் என்று புகழ்கிறவர் ஒரு நாள் உட்கார்ந்து இலை வெட்டிப் பார்க்கட்டும். உங்கள் போர்வைக்கு அப்படி எந்தக் கணக்கப்பிள்ளையும் காத்திருக்கவில்லை, பையன் பள்ளிக்கூடம் போன பிறகு எடுத்தாலும் சரிதான்.

கோவில்பட்டி நண்பருக்கு: தூத்துக்குடி மாவட்டம்தான். தெரியும்.