கேட்டீங்கள், சொல்லுறன்: யூரோப்பில ரெண்டு பேருக்கு மட்டும் மூண்டு நாள்

இந்த முறை வந்த கடிதங்கள்ல யூரோப் பயணம் பற்றிக் கேட்டதை மட்டும் ஒண்டாச் சேர்த்து எடுத்திருக்கிறன். எல்லாம் புருஷன் பொஞ்சாதி சோடியாப் போறவை எழுதினது, அதால எனக்கும் ஆசையா இருந்தது பதில் எழுத.

கலியாணம் முடிச்சு நாலு வருஷம். இவரின்ட அக்கா பாரிஸ்ல இருக்கிறா, ஆகஸ்ட்ல 12 நாள் போறம். 12 நாளும் அவ வீட்டிலதான் நிக்கோணும் எண்டு மாமி சொல்லுறா. எங்களுக்கு ஒரு மூண்டு நாளாவது தனியா எங்கயாவது போய் நிக்க ஆசை. எங்க போகலாம், மச்சாளுக்கு மனம் நோகாமல் எப்பிடிச் சொல்லுறது? (வாசகி, வெள்ளவத்தை)

தங்கச்சி, இந்த ஆசையில ஒரு பிழையும் இல்லை. எங்கட ஆக்கள் அவ்வளவு காசு குடுத்து பிளேன் ஏறிப்போய் பாரிஸ் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பல்ல கொத்து ரொட்டி சாப்பிட்டு, சொந்தக்காரர் வீடு வீடா விருந்துக்குப் போய், ஈபிள் டவருக்கு முன்னால நிண்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்திடுவினம். சொந்தத்தைப் பாக்கத்தான் வேணும், அவையள் எங்களுக்காக லீவு போட்டுக் காத்துக்கொண்டிருக்கிறவை. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து ஆறுதலா ஒரு தேத்தண்ணி குடிச்சது எப்ப எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கொழும்பில வேலை, ட்ராபிக், வீட்டில பெரியாக்கள் எண்டு ஓடுற ஓட்டத்தில அது கிடைக்கவே கிடைக்காது.

மச்சாளிட்ட உங்கட அவரே கதைக்கட்டும், நீங்கள் சொன்னா "மருமகள்தான் பிரிச்சுக்கொண்டு போறா" எண்டு கதை வரும், தம்பி சொன்னா அக்கா விளங்கிக்கொள்ளுவா. டிக்கெட் போட முதலே கதைக்கோணும், அங்க போய் இறங்கினாப் பிறகு சொல்லக்கூடாது, அதுதான் மனம் நோகிற இடம். அவவுக்கு வேலை இருக்கிற கிழமை நாளாப் பாத்து உங்கட மூண்டு இரவையும் வையுங்கோ, சனி ஞாயிறு அவவோட நில்லுங்கோ. ஆகஸ்ட் கடைசிப் பக்கமாத்தான் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் வாறது, றோட்டு நிறையத் தேங்காய் உடைப்பினம், அண்டைக்குக் கட்டாயம் குடும்பத்தோட நில்லுங்கோ, மாமிக்கும் மனம் நிறைஞ்சிடும்.

இடம் எண்டா நான் சொல்லுறது பெல்ஜியத்தில ப்ரூஷ். பாரிஸ் கார் டு நோர் ஸ்டேஷன்ல ஏறினா ஒரு மணி 22 நிமிஷத்தில ப்ரஸ்ஸல்ஸ், அங்க ட்ரெயின் மாறி இன்னும் ஒரு மணித்தியாலம். பாரிஸ் ப்ரஸ்ஸல்ஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கோ, நாள் கிட்டக் கிட்ட விலை ஏறிக்கொண்டு போகும், மற்ற டிக்கெட்டை அண்டைக்கே எடுக்கலாம்.

ப்ரூஷுக்கு முக்காவாசிப் பேர் காலமை வந்து பின்னேரம் போறவை. பகல்ல மார்க்கெட் சதுக்கத்தில கால் வைக்க இடம் இல்லை, 83 மீட்டர் மணிக்கூண்டில 366 படி ஏற வரிசை நிக்கும். நானும் இவரும் முதல் முறை போனது அப்பிடித்தான், காலமை போய் பின்னேரம் ஓடி வந்தது, எனக்கு அந்த ஊர் மனசில நிக்கவே இல்லை. ரெண்டாம் முறை அங்கயே தங்கினம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பஸ்ஸில வந்த ஆக்கள் எல்லாம் போயிட்டினம், வாய்க்கால் தண்ணி அசையாமல் கிடக்குது, செங்கல் வீடுகள் அப்பிடியே தலைகீழாத் தண்ணிக்குள்ள தெரியுது, மணிக்கூண்டு கால் மணிக்கொரு தரம் அடிக்குது, நாங்கள் ஒரு சின்னப் பாலத்துக் கல்லில கடுதாசிச் சுருள்ல உருளைக்கிழங்குப் பொரியலை வைச்சுக்கொண்டு இருந்தம். இவர் தன்ட அப்பாவைப் பற்றி அண்டைக்குத்தான் முதன்முதலா முழுக்கக் கதைச்சவர். பதினொரு வருஷம் ஒரு வீட்டில இருந்தும் எனக்குத் தெரியாத கதை. அதுக்காகத்தான் சொல்லுறன், தங்குங்கோ, ஒரே ஊரில மூண்டு இரவும் தங்குங்கோ.

ஓ, அந்தப் பொரியலைப் பற்றி ஒண்டு. பெல்ஜியத்தில பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில பொரிக்கிற கடைகள் கனக்க இருக்கு. மாடு சாப்பிடாத ஆக்கள், சைவக்காரர், "மரக்கறி எண்ணெயோ" எண்டு கேட்டுப்போட்டு வாங்குங்கோ, கேட்டா சொல்லுவினம். நாங்களும் கேட்டுத்தான் வாங்கினது.

பிரான்ஸை விட்டு வெளிக்கிட விருப்பம் இல்லையெண்டா ஸ்ட்ராஸ்பூர்க். பாரிஸ்ல இருந்து ஒண்டே முக்கால் மணித்தியாலம். 142 மீட்டர் உயரத்தில ஒற்றைக் கோபுரத்தோட ஒரு பெரிய தேவாலயம், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ட்ராம் எடுத்தா ரைன் ஆத்தைத் தாண்டி ஜெர்மனியில கேல் எண்ட ஊரில கொண்டுபோய் இறக்கும். ட்ராமில இருந்தபடியே நாடு மாறுறதை நாங்கள் தீவுக்காரர் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்.

அக்கா வீட்டில நிண்டா ஹொட்டல் புக்கிங் தேவையில்லை எண்டு ஒருத்தர் சொல்லுறார், இடையில வேற நாட்டுக்குப் போறதை விசா ஃபோர்ம்ல காட்டவே வேண்டாம் எண்டு இன்னொருத்தர் சொல்லுறார். எது சரி? (வாசகர், கொட்டாஞ்சேனை)

காட்ட வேண்டாம் எண்டு சொன்னவரின்ட சொல்லைக் கேக்காதேங்கோ, தயவுசெய்து. ஷெங்கன் விசா எண்டது யூரோப்பில 29 நாட்டுக்குப் பொதுவான விசா, ஒண்டு எடுத்தா எல்லாத்துக்கும் போகலாம், அப்பிடியிருக்க ஒளிக்க என்ன இருக்கு? எந்த நாட்டில கூட நாள் நிக்கிறீங்களோ அந்த நாட்டிட்டத்தான் விண்ணப்பிக்கிறது, நாள் சமனா வந்தா முதல்ல எங்க இறங்குறீங்களோ அங்க. பிரான்ஸ்ல ஒன்பது இரவு, பெல்ஜியத்தில மூண்டு எண்டா பிரான்ஸ். எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் கொழும்பில தூதரகம் இல்லை, அதால உங்கட நாட்டுக்கு எங்க குடுக்கிறது எண்டதை முதல்ல பாருங்கோ.

பிரான்ஸ்ல சொந்தக்காரர் வீட்டில நிக்கிறதெண்டா அவை தங்கட நகரசபையில, மெரி எண்டு சொல்லுறது, போய் "அதெஸ்தாசியோன் தக்கோய்" எண்ட கடிதம் எடுத்து அசலை உங்களுக்கு அனுப்போணும். அது எடுக்க நாள் செல்லும், அதனால இப்பவே சொல்லி வையுங்கோ. அந்தக் கடிதம் அந்த வீட்டில நிக்கிற நாளுக்குத்தான், மற்ற மூண்டு இரவுக்கும் ஹொட்டல் புக்கிங் வைக்கத்தான் வேணும். காசு கட்டாமல் கான்சல் பண்ணக்கூடிய மாதிரி எடுங்கோ, விசா வந்தாப் பிறகு உறுதி செய்யலாம்.

மற்றது: பெரியாக்களுக்கு விசாக் காசு 90 யூரோ, விசா கிடைக்காட்டியும் திரும்பி வராது. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. பாஸ்போட் நீங்கள் அங்க இருந்து வெளிக்கிடுற நாளுக்குப் பிறகும் மூண்டு மாசம் செல்லுபடியாகோணும், பத்து வருஷத்துக்கு உள்ள எடுத்ததா இருக்கோணும். ஆறு மாசத்துக்கு முன்னால இருந்தே குடுக்கலாம், 15 நாள்ல முடிவு வரவேண்டும் ஆனா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம், ஆகஸ்ட் பயணத்துக்கு ஜூலையில குடுத்துப்போட்டு நித்திரை இல்லாமல் இருக்காதேங்கோ. லண்டன் ஷெங்கனுக்குள்ள இல்லை, அதுக்கு வேற விசா, இடையில லண்டன் போயிட்டுத் திரும்பப் பாரிஸுக்கு வாறதெண்டா மல்டிபிள் என்ட்ரி எண்டு கேளுங்கோ. எங்கட பாஸ்போட்டுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு: ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில பிளேன் மட்டும் மாறி வேற எங்கயாவது போறதெண்டாலும் இலங்கையருக்கு ட்ரான்சிட் விசா கேப்பினம்.

பத்து நாள்ல எட்டு நாடு எண்டு ஒரு டூர் பார்த்தம். ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போகலாமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

ரெண்டு பேரும் மொழி தெரியாத ஊருக்குத் தனியப் போகப் பயம் எண்டா டூர் ஒரு துணைதான், அதை நான் மறுக்கேல்லை. ஆனா எட்டு நாடு எண்டா விடியக் காலமை சூட்கேஸ் கட்டி, பஸ்ஸில அஞ்சாறு மணித்தியாலம் இருந்து, இறங்கி அரை மணித்தியாலம் போட்டோ எடுத்து, இருட்டினாப் பிறகு ஊருக்கு வெளியில ஒரு ஹொட்டல்ல போய் விழுறது. மூண்டு நாட்டுக்கு மேல இல்லாத டூர் இருந்தா எடுங்கோ. இல்லாட்டி வியன்னாவில ஆறு நாள் நிண்டு ட்ரெயின்ல ஒரு மணித்தியாலத்தில இருக்கிற ஸ்லோவாக்கியா நாட்டுத் தலைநகர் ப்ராட்டிஸ்லாவாவை ஒரு நாள் பாத்திட்டு வாங்கோ, அதுவும் ரெண்டு நாடுதானே.

கலியாணம் முடிச்சு 30 வருஷம், பிள்ளையள் காசு தருகினம். யூரோப்ல எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை. ஒரே ஒரு ஊர் எண்டா எது? எனக்கு முழங்கால் கொஞ்சம் நோ. (வாசகி, தெஹிவளை)

அக்கா, போர்த்துக்கல்ல லிஸ்பனுக்குப் போங்கோ. பாரிஸ், ரோம் எல்லாம் வடிவுதான், ஆனா எங்கட வாயில அஞ்சு நூற்றாண்டாக் கிடக்கிற போர்த்துக்கீசச் சொல்லுகள் பிறந்த ஊர் லிஸ்பன்தான். நாங்கள் அங்க போய் ரெண்டாம் நாள், ஒரு ஒழுங்கைக்குள்ள சப்பாத்துக் கடைப் பலகையில "சப்பாத்தாரியா" எண்டு எழுதியிருந்தது, நான் சத்தமா வாசிக்க இவர் அப்பிடியே நிண்டிட்டார். பிறகு அதே வேலைதான் எங்களுக்கு. குசினிக்கு அங்க குசீஞ்ஞா, யன்னலுக்கு ஜனேலா, மேசைக்கு மேசா, அலுமாரிக்கு அர்மாரியு. பேக்கரியில நான் "பாண்" எண்டே கேட்டன், கடைக்கார அம்மா ஒண்டும் திருப்பிக் கேக்காமல் எடுத்துத் தந்தா.

1505ல கொழும்பில வந்து இறங்கினவை இந்தப் போர்த்துக்கீசர், நல்லூர்க் கோயிலை 1620களில இடிச்சதும் இவையள்தான். ஜெரோனிமோஸ் மடத்தில வாஸ்கோடகாமாவின்ட கல்லறைக்கு முன்னால நிக்கேக்க எனக்கு ஒரு பக்கம் நெஞ்சு கனத்தது, ஒரு பக்கம் அந்தக் கல்வேலையை விட்டுக் கண் எடுக்க முடியேல்லை. ரெண்டும் உண்மை. அந்த மடத்துக்குப் பக்கத்திலதான் 1837ல இருந்து முட்டைக் கஸ்டர்ட் வைச்ச சின்னப் பேஸ்ட்ரி போடுற பேக்கரி இருக்கு, சூடா வாங்கிக் கறுவாத்தூள் தூவிச் சாப்பிடுங்கோ.

முழங்காலுக்கு: ஊர் முழுக்க ஏத்தம் இறக்கம், நடைபாதையில சின்னச் சின்ன வெள்ளைக் கல்லு, மழை பெஞ்சா நல்லா வழுக்கும். அதால பைஷா எண்ட சமதரைப் பகுதியில ஹொட்டல் எடுங்கோ, விலை கொஞ்சம் கூட எண்டாலும் பரவாயில்லை. மேட்டுக்குப் போக ட்ராம் இருக்கு, 28ம் நம்பர் ட்ராம்ல பகல்ல நெருக்கம், விடியக் காலமை ஏறினா இருக்க இடம் கிடைக்கும். சின்த்ராவுக்கு ரோசியு ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல 40 நிமிஷம், அங்க மேல ஏறப் பஸ் இருக்கு, நடக்க வெளிக்கிடாதேங்கோ. மே இல்லாட்டி செப்டெம்பர் கடைசி நல்ல காலம், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். கொழும்பில இருந்து நேர பிளேன் இல்லை, ஒருக்கா மாறோணும், வீல்செயர் வேணுமெண்டா டிக்கெட் போடேக்கயே சொல்லிப் போடுங்கோ, அதுக்குக் காசு எடுக்கிறேல்லை. அடி தேயாத ரப்பர்ச் சப்பாத்து ஒண்டு இங்கயே வாங்கி, ஒரு மாசம் தெஹிவளைக் கடற்கரையில போட்டு நடந்து பழகிட்டுப் போங்கோ.