டெபியன் நிறுவிய பின் மடிக்கணினியில் வைஃபை ஏன் தெரிவதில்லை?

டெபியன் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவியதும் வைஃபை மட்டும் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாததே காரணம். ஃபர்ம்வேர் என்பது வைஃபை கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். கார்டுடன் பேசுவதற்காக இயங்குதளத்தில் இருக்கும் டிரைவர் வேறு, இது வேறு. இன்டெல் உள்ளிட்ட பல நிறுவனங்களின் கார்டுகள் இந்த நிரலை நிரந்தரமாகச் சேமித்து வைப்பதில்லை. இரவே அழிக்கப்பட்ட கரும்பலகையில் ஆசிரியர் மறுநாள் பாடத்தை மீண்டும் எழுதுவதுபோல, கணினியை இயக்கும்போதெல்லாம் டிரைவர் அதை வன்வட்டிலிருந்து எடுத்துக் கார்டில் ஏற்ற வேண்டும்.

இந்த ஃபர்ம்வேர் கோப்புகளின் மூலநிரலை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை என்பதால், யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளையே வழங்குவதென்ற கொள்கையுடைய டெபியன் அவற்றைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவியிலேயே இடம்பெறுகின்றன. கொள்கையைச் சற்றுத் தளர்த்தியது என் பார்வையில் சரியான முடிவே.

பழைய பதிப்பில் இருப்பவர்கள் கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் டெதரிங் வசதி மூலம் இணையத்தைப் பெற்று, டெபியன் மென்பொருளைப் பதிவிறக்கும் களஞ்சியங்களின் பட்டியலில், கட்டற்றவை அல்லாத மென்பொருளுக்கான 'நான்-ஃப்ரீ' பிரிவைச் சேர்த்து, தங்கள் சிப்புக்குரிய ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்தால் பொதுவாகப் போதும். எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்பதை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் செய்திப் பதிவே பெயருடன் காட்டிவிடும்.

விண்டோஸில் இயங்கிய கார்டு லினக்ஸில் தெரியாவிட்டால் அது பழுதாகிவிட்டதென்று பலர் கருதிப் புதியது வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது தனக்குரிய கோப்புக்காகக் காத்திருக்கிறதே தவிர, கெட்டுப்போகவில்லை.