புகைக்கூண்டை எண்ணிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வாசகி, பல்லடம்): என் பையன் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு பக்கம் வேலையில் இருக்கிறான். போன வருசம் போயிருந்தபோது சால்டேர் என்கிற மில் ஊரைக் காட்டினான். ஒரு சதுக்கம், அதைச் சுற்றித் தேன் நிறக் கல்லில் சின்னச் சின்ன வீடுகள். "ஆம்ஸ்ஹவுஸ்மா, அந்தக் காலத்து அநாதை விடுதி" என்றான். விடுதிக்கு எதற்குங்க இத்தனை வாசல்?

பதில்: அந்த வாசலில்தான் விஷயமே இருக்கிறது, பையனிடம் சொல்லுங்கள். அது விடுதி கிடையாது. உழைக்க முடியாமல் போன முதியவர்களுக்கு யாராவது ஒரு பணக்காரரோ வணிகர் சங்கமோ அறக்கட்டளை வைத்துக் கட்டிக்கொடுத்த வீடுகள். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு அடுப்பு. நம் பக்கம் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் அப்பாரும் அப்பத்தாளும் அதே தோட்டத்தில் தனியாகச் சாளை போட்டு, தனியாக உலை வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதே ரோசம்தான் அங்கேயும்.

சால்டேரைக் கட்டியவர் டைட்டஸ் சால்ட். அல்பகா என்கிற தென் அமெரிக்க விலங்கின் ரோமத்தில் துணி நெய்து சம்பாதித்தவர். 1853-ல் மில்லைத் திறந்தார், அப்புறம் பக்கத்திலேயே தொழிலாளிகளுக்கு வீதி வீதியாக வாடகை வீடுகள். மில் லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதில் உள்ள சிக்கல் தெரியும்: வேலை போனால் வீடும் போகும். அந்த ஓட்டையை அடைக்கிற மாதிரி 1868-ல் 45 ஆம்ஸ்ஹவுஸ்களைக் கட்டினார். வாடகை கிடையாது, அதற்கு மேல் வாரப்படி வேறு, தனி ஆளுக்கு ஏழரை ஷில்லிங், தம்பதிக்குப் பத்து. பிரிட்டிஷ் அரசாங்கம் முதியோர் பென்ஷன் கொடுக்க ஆரம்பித்தது 1909-ல், அதுவும் 70 வயது தாண்டியவர்களுக்கு, வாரம் ஐந்து ஷில்லிங் வரைதான்! ஆனால் சால்ட் வீட்டில் இடம் கிடைக்க நல்ல நடத்தை உள்ளவர் என்ற பெயரும் வேண்டும். அதை யார் அளந்தார்கள் என்று கேட்காதீர்கள், பணம் போட்டவர்தான்.

கட்டடக்கலை என்று பார்த்தால் சால்டேர் கொஞ்சம் விதிவிலக்கு, அது இத்தாலியப் பாணி. விக்டோரியா காலத்து ஆம்ஸ்ஹவுஸ்களில் நிறைய, தெரிந்தே 300 வருசம் பழசு மாதிரி தெரியக் கட்டப்பட்டவை. கூர்மையான முக்கோண முகப்பு, சின்னச் சின்னச் சட்டம் போட்ட சன்னல், நடுவில் ஒரு குட்டித் தேவாலயம் அல்லது மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் தாழ்வான வீடுகள், முற்றத்தின் ஒரு பக்கம் மட்டும் ரோட்டைப் பார்த்துத் திறந்திருக்கும், போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான். கூரையில் வேண்டுமென்றே உயரமான புகைக்கூண்டுகள். அவற்றை எண்ணினாலே உள்ளே எத்தனை அடுப்பு எரிந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். நடுவில் கட்டியவர் பெயரும் வருசமும் கல்வெட்டாக இருக்கும். நம் கோயில் ஃபேன் இறக்கையில் எழுதின உபயம் ஃபேன் ஓடினால் தெரியாது, அவர்கள் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

கேள்வி (வாசகர், ஈரோடு): ஒர்க்ஹவுஸ் என்று ஒன்று படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஐயோ, அந்தக் கிழவர்கள் காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார்கள். ஒர்க்ஹவுஸ் என்பது போக்கிடம் இல்லாத ஏழைகளைச் சேர்த்து வேலை வாங்கிய விடுதி, 1834 ஏழைகள் சட்டத்தோடு ஊருக்கு ஊர் வந்தது. உள்ளே இருக்கிற வாழ்க்கை வெளியே படுகிற கஷ்டத்தைவிட மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சும்மா வந்து உட்கார மாட்டார்கள் என்பது அதன் கணக்கு. கட்டடமும் அதற்கேற்ற மாதிரிதான். ஒரு மாதிரி வரைபடத்தில் கூட்டல் குறி போல நான்கு சிறகு, மேலாளர் நடுவில் இருந்தபடியே எல்லா முற்றத்தையும் பார்க்கலாம். புருசன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். 60 வயது தாண்டிய தம்பதியைப் பிரிக்கக் கூடாது என்று சட்டம் வரவே 1847 ஆகிவிட்டது. அந்தப் பயம் இருந்ததால்தான் ஆம்ஸ்ஹவுஸில் ஒரு வீடு காலியானால் அத்தனை போட்டி. தேவாலயத்துக்கு வர வேண்டும், இரவு இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற மாதிரிக் கட்டுப்பாடுகளை எல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

கேள்வி (வாசகர், பொள்ளாச்சி): ஆம்ஸ்ஹவுஸ்களில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். வாடகைதாரர் என்ற உரிமை பெரும்பாலும் கிடையாது, பராமரிப்புக்கென்று வாராவாரம் ஒரு தொகை கட்டுகிறார்கள். பழைய கட்டடத்துக்குள் கழிப்பறையும் ஹீட்டரும் வைத்துக் கொடுப்பதுதான் அறக்கட்டளைகளுக்குப் பெரிய செலவு.

கேள்வி (வாசகர், கோபிசெட்டிபாளையம்): தங்க இடம் சரிங்க, குடிக்க?

பதில்: சால்டேரில் கேட்டிருந்தால் விரட்டியிருப்பார்கள், ஊருக்குள் ஒரு சாராயக் கடையைக்கூட சால்ட் விடவில்லை. லண்டன் பெக்காமில் நேர் எதிர்: அங்கே மதுக்கடை நடத்தி ஓய்ந்தவர்களுக்கென்றே 1827-ல் ஒரு ஆம்ஸ்ஹவுஸ் ஆரம்பித்தார்கள். அதற்கும் மூத்தது வின்செஸ்டரில், 12-ஆம் நூற்றாண்டில் 13 ஏழைகளுக்காக ஒரு பிஷப் தொடங்கிய செயின்ட் கிராஸ். அங்கே வழிப்போக்கர் யார் வாசலில் கேட்டாலும் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சின்னக் குவளை பீரும் தருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. நம் ஊர் நீர்மோர்ப் பந்தல் மாதிரிதான், ஆனால் இரண்டாவது குவளை கேட்க முடியாது!