கணக்கு வந்தது, கடவுச்சொல் வரவில்லை

கேள்வி: அலுவலகத்தின் சாம்பா (லினக்ஸ் கணினியிலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளுடன் பகிரும் மென்பொருள்) கோப்பு சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றினோம். லினக்ஸ் பயனர் கணக்குகள் அனைத்தும் வந்துவிட்டன; ஆயினும் விண்டோஸ் கணினிகளிலிருந்து ஒருவராலும் நுழைய முடியவில்லை. காரணம் என்ன?

பதில்: லினக்ஸ் சேமித்து வைக்கும் கடவுச்சொல் ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும் குறியீடு), விண்டோஸின் என்டிஎல்எம் என்னும் நுழைவுச் சரிபார்ப்பு முறைக்கு உதவாது என்பதால், சாம்பா தனக்கெனத் தனிக் கிடங்கு ஒன்றை வைத்துக்கொள்கிறது, அதைத்தான் பழைய கணினியிலேயே விட்டுவிட்டீர்கள். முற்காலத்தில் அது எஸ்எம்பிபாஸ்வேர்ட் என்னும் வெறும் உரைக்கோப்பாக இருந்தது. இப்போது இயல்பாக அமைவது டிடிபி என்னும் சிறு தரவுத்தளக் கோப்பு. உங்களுடையது உரைக்கோப்பாக இருப்பின், சாம்பாவின் பிடிபிஎடிட் கருவியைக் கொண்டு, எவரிடமும் கடவுச்சொல்லை மறுபடி கேட்காமலேயே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடலாம். டிடிபியாக இருப்பின், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாக நகலெடுக்காமல், அதற்கென்றே உள்ள டிடிபிபேக்கப் கருவியைப் பயன்படுத்துங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அக்கிடங்கிலுள்ள என்டி ஹாஷ் (விண்டோஸ் சரிபார்ப்புக்கான கடவுச்சொல் ஹாஷ்), சால்ட் (ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் கலக்கும் தற்செயல் மதிப்பு) எதுவும் சேர்க்காமல் எம்டி4 என்னும் பழைய ஹாஷ் முறையில் உருவாவது. கடவுச்சொல் தெரியாவிட்டாலும், ஹாஷ் மட்டும் கையில் இருந்தால் அதைக் கொண்டே உள்ளே நுழைந்துவிட முடியும். ஆகவே ரூட் (லினக்ஸின் தலைமை நிர்வாகிக் கணக்கு) தவிர வேறெவரும் அதைப் படிக்க அனுமதி தராதீர்கள்; மேசை இழுப்பறையில் கிடக்கும் பேக்கப் பென்டிரைவுக்கும் இது பொருந்தும்.