மழைமானி குறைவாகக் காட்டுகிறதா? அரை லிட்டர் தண்ணீரில் தெரிந்துவிடும்

கேள்வி: தேன்கனிக்கோட்டை அருகே எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் தோட்டத்தில் தானியங்கி வானிலை நிலையம் வைத்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு ராத்திரி மழைக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சாதாரண மழைமானி 62 மி.மீ. காட்டியது, எங்களுடையது 38 தான். பராமரிப்பு ஒப்பந்தக்காரர், "பலத்த மழையில் அப்படித்தான் காட்டும், சென்சார் பழசாகிவிட்டது, 22 ஆயிரத்துக்குப் புதிது போடலாம்" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் இரண்டும் ஒரே 24 மணி நேரத்தைத்தான் சொல்கின்றனவா என்று பாருங்கள். கையால் அளக்கும் மழைமானியைக் காலை 8.30-க்குப் பார்ப்பது வழக்கம். நிலையத்தின் செயலியோ பெரும்பாலும் நள்ளிரவு 12-க்கு நாளை முடித்துவிடும். சாயங்காலம் பிடித்த இடிமழை நள்ளிரவைத் தாண்டினால் ஒரே மழை இரண்டு தேதியாக உடையும். மணிவாரிப் பதிவை எடுத்து 8.30 முதல் 8.30 வரை கூட்டுங்கள்.

அப்போதும் 38 என்றால், அதே பதிவில் மழை விட்ட பிறகும் 0.2 மி.மீ., 0.2 மி.மீ. என்று விடியும்வரை வந்திருக்கிறதா? வந்திருந்தால் புனல் அடைத்திருக்கிறது. தண்ணீர் தேங்கி, விளிம்பு வழிந்து, மிச்சம் மட்டும் சொட்டியிருக்கிறது. குவாரித் தூசி, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் அடைக்கும். எல்லாவற்றையும்விட மோசம் குளவிக்கூடு. புனலைக் கழற்றிக் கழுவி, துளையை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள், கம்பி வேண்டாம். உள்ளே நிரம்ப நிரம்ப மாறி மாறிச் சாய்ந்து மழையை எண்ணும் இரண்டு கிண்ணங்களின் உட்புறத்தை விரலால் தொடாதீர்கள், அச்சுக்கு எண்ணெயும் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். திரும்ப மாட்டியதும் விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இனி சோதனை. புனல் 20 செ.மீ. விட்டம், ஒரு சாய்வு 0.2 மி.மீ. என்றால் ஒவ்வொரு சாய்வுக்கும் 6.28 மில்லி வேண்டும். 500 மில்லிக்கு 80 சாய்வு. உங்கள் கருவியின் அளவு ஒட்டுச்சீட்டில் இருக்கும். தொடங்கும் முன் மழைமானியின் ஒயரைப் பதிவுப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பெய்யாத 16 மி.மீ. மழை பதிவேட்டில் ஏறிவிடும். கழற்றிய இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் இடத்தில் வைத்துப் பிடியுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் டிரிப் குழாய் வழியாக 500 மில்லியை முக்கால் மணி நேரம் சொட்டவிடுங்கள். குடத்திலிருந்து ஊற்றினால் கணக்கு தப்பும்.

கிண்ணம் சாயும் 'டக்' சத்தத்தையும் மல்டிமீட்டரின் பீப்பையும் எண்ணுங்கள். இரண்டும் 76-க்கும் 84-க்கும் இடையில் இருந்தால் மழைமானி நன்றாக இருக்கிறது. டக் 80, பீப் 50 என்றால் சாய்வைப் பதிவுப் பெட்டிக்குச் சொல்லும் ரீட் சுவிட்ச் போய்விட்டது. சின்னக் கண்ணாடிக் குழாய் போன்ற அதை மட்டும் மாற்றினால் போதும். டக் சத்தமே குறைந்தால் கசிவோ, கோணலோ, அடித் திருகு நகர்ந்ததோ காரணம். திருகை நீங்கள் தொட வேண்டாம்.

"பலத்த மழையில் அப்படித்தான்" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. கிண்ணம் சாய்கிற அந்த அரை வினாடியில் விழும் தண்ணீர், ஏற்கெனவே நிரம்பிய கிண்ணத்திலேயே விழுந்து கணக்கில்லாமல் போகும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டினால் 7.2 வினாடிக்கு ஒரு சாய்வு. அதில் அரை வினாடி போனால் இழப்பு ஏறக்குறைய 7 சதவீதம். இரவு முழுக்க அதே வேகத்தில் கொட்டியிருந்தாலும் 62 என்பது 57 அல்லது 58 ஆகியிருக்கும். 38 ஆகாது. உங்களுக்குக் குறைவது 39 சதவீதம். இந்தக் கணக்கை ஒப்பந்தக்காரரிடம் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொரு வலையிலும் விழாதீர்கள். "மைனஸ் 40 டிகிரி தாங்கும், துருவத்துக்கே போகிற தரம்" என்று புதுக் கருவியை விற்பார்கள். அண்டார்டிகாவின் எதிரி உறைபனியும் சூரியனே இல்லாத குளிர்காலமும். நம் ஊரின் எதிரி தூசியும், சித்திரை வெயிலில் வேகும் பேட்டரிப் பெட்டியும். ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். உங்களுடையதற்கு மூன்று வருடம் ஆகிவிட்டதே, விடியற்காலையில் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் மாற்றுங்கள். ராத்திரி பதிவுப் பெட்டி அணைந்தால் அந்த நேரத்து மழை பதிவாகவே ஆகாது. மணிவாரிப் பதிவில் இடைவெளி இருந்தால் இது காரணமாக இருக்கலாம்.

அண்டார்டிகாவின் ஆளில்லாத நிலையங்களுக்கு அங்கே கோடையான நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் பெரும்பாலும் ஆள் போக முடியும். பனியில் புதைந்த கம்பத்தை உயர்த்துவது, பேட்டரி பார்ப்பது, சென்சார் மாற்றுவது எல்லாவற்றையும் அந்த ஒரே பயணத்தில் முடித்து எழுதி வைக்கிறார்கள். இங்கே வண்டியில் பத்து நிமிடத்தில் போகும் நிலையத்தில் குளவி கூடு கட்டிக் குடியிருக்கிறது! திட்டங்களில் கருவி வாங்கப் பணம் இருக்கிறது, திறப்பு விழாவுக்கு இருக்கிறது. புனல் கழுவ ஒரு ஆளுக்குக் கூலி மட்டும் எழுதுவதில்லை. நாம் கேட்டால்தான் எழுதுவார்கள்.

அடுத்த முறை ஒப்பந்தக்காரர் வரும்போது உங்கள் முன்னாலேயே அந்த 500 மில்லியைச் சொட்டவிடச் சொல்லுங்கள். டக் எத்தனை, பீப் எத்தனை என்று தேதியோடு நோட்டில் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிய பிறகு வருகைச் சீட்டில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். பழைய சென்சாரை "சரிபார்க்க" எடுத்துப்போகக் கேட்டால், எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.