பண உதவி தேவைப்படும் மாணவி அமெரிக்கப் பல்கலைக்கு ‘ஏர்லி டிசிஷன்’ போடலாமா?

“மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பிரவுன் பல்கலைக்கு ஏர்லி டிசிஷன் போட்டால் வாய்ப்பு மூன்று மடங்கு என்கிறார் கன்சல்டன்ட். முழுக் கட்டணம் எங்களால் முடியாது. போடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (இ.டி. என்று சுருக்கினால் நம் ஊரில் வேறு துறை ஞாபகம் வரும், அதனால் முழுதாகவே எழுதுகிறேன்.)

போடலாம், ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் இல்லை. ஏர்லி டிசிஷன் என்பது வழக்கமான சுற்றுக்கு முன்பே ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்து, “நீ இடம் கொடுத்தால் நான் வந்தே தீருவேன், மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்குவேன்” என்று எழுதிக் கொடுப்பது. மாணவி, பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். கவுன்சிலர் இல்லாத பள்ளியில் முதல்வர் போடலாம். அவர் ஜிமெயிலைத் தவிர்த்துப் பள்ளியின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது நல்லது.

அந்த ‘மூன்று மடங்கு’ கணக்கு எங்கிருந்து வருகிறது? 2024 சேர்க்கையில் ஏர்லி டிசிஷனில் விண்ணப்பித்தவர்களில் பிரவுன் எடுத்தது 14.4%, மொத்த விண்ணப்பங்களில் 5.2%. எண் பொய்யில்லை. ஆனால் பயிற்சியாளர் முன்பே பார்த்துவைத்த விளையாட்டு வீரர்களும், அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான் வருவார்கள். அவர்களைக் கழித்துப் பார்த்தால் உங்கள் மகளுக்கு மிஞ்சும் அனுகூலம் விளம்பரத்தில் சொல்வதைவிடச் சிறியது. அனுகூலமே இல்லை என்று நான் சொல்லவில்லை, கன்சல்டன்ட்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது பணம். வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதைச் சேர்க்கையின்போது கணக்கில் எடுக்காத கல்லூரிகள் மிகச் சில. ஆம்ஹர்ஸ்ட், போடின், டார்ட்மத் அந்த வகை. பிரவுனும் 2025 சேர்க்கையிலிருந்து அப்படி மாறியது. இந்த நான்கிலும் ஏர்லி டிசிஷன் உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவையும் உதவி கேட்பதைப் பொருட்படுத்துவதில்லை, ஆனால் அங்கே இருப்பது கட்டுப்படுத்தாத ஏர்லி ஆக்‌ஷன். இடம் கிடைத்தாலும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. கார்னெல், பென் (பென்சில்வேனியா பல்கலை), டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்றவை வெளிநாட்டவர் எவ்வளவு கேட்கிறார் என்பதையும் எடைபோட்டே இடம் தரும்.

இங்கேதான் ஒரு மோசமான யோசனை காதில் விழும்: “உதவி வேண்டாம் என்று டிக் செய்யுங்கள், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.” செய்யவே செய்யாதீர்கள். சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் பிறகு நான்கு வருடமும் கதவைத் திறப்பதில்லை. வருடச் செலவு 90,000 டாலருக்கு மேல், அதாவது 75 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

கல்லூரித் தளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானை நம்பவும் வேண்டாம், அது பெரும்பாலும் அமெரிக்க வரி அமைப்பை வைத்துச் செய்தது. வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல், அதாவது பண உதவி கேட்டு குடும்பத்தின் வரவு, சொத்து விவரங்களை நிரப்பும் இணையப் படிவம். அக்டோபர் 1-இல் திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16. பல கல்லூரிகளில் விண்ணப்பத்தோடு ஒட்டியே இதன் கெடுவும் வந்துவிடும், தனியாகப் பாருங்கள். தொகைகளை ரூபாயிலேயே போட வேண்டும். தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடங்களில்: வருட வருமானம் கேட்ட கட்டத்தில் மாதச் சம்பளம், பிடித்தம் போகக் கைக்கு வருவதை மொத்த வருமானமாகக் காட்டுவது, லட்சத்தில் ஒரு சைபர் கூடுவது. பங்கு பிரிக்காத பூர்வீக நிலம், தாத்தா பாட்டியின் மருத்துவச் செலவு போன்றவற்றை ‘சிறப்புச் சூழல்’ பெட்டியில் இரண்டு மூன்று வரியில் விளக்குங்கள். வருமான வரிக் கணக்கு, ஃபார்ம் 16 கையில் இருக்கட்டும். தமிழில் உள்ள பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

பெயர் விஷயம். பாஸ்போர்ட், எஸ்.ஏ.டி. (சேர்க்கைக்கான பொதுத் தேர்வு), காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்றிருந்தால் மதிப்பெண் விண்ணப்பத்தோடு சேராமல் தொங்கும். பிரவுன் எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி. மதிப்பெண் கேட்கிறது; டார்ட்மத் வெளிநாட்டுப் பள்ளி மாணவரிடம் அவற்றுக்குப் பதிலாக வேறு சில தேர்வு முடிவுகளையும் ஏற்கிறது. அப்பா பெயரை ஒற்றை எழுத்தில் அடக்கி நிம்மதியாக இருந்த சனம் நாம். உலகத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் ‘சர்நேம்’ என்று சிவப்பு நட்சத்திரம் போட்டு மிரட்டுகிறார்கள், விமான டிக்கெட்டில்கூட. சரி, அது வேறு புலம்பல்.

விண்ணப்பக் கெடு பொதுவாக நவம்பர் 1. காமன் ஆப்பில் உங்கள் ஊர் நேரப்படி இரவு 11:59தான் கணக்கு. நியூயார்க்கில் இன்னும் பகல்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். முடிவு டிசம்பர் நடுவில் வரும். ‘டிஃபர்’ என்று வந்தால் விண்ணப்பம் வழக்கமான சுற்றுக்குத் தள்ளப்படுகிறது, உங்கள் கட்டுப்பாடும் அத்தோடு விலகுகிறது.

இடம் கிடைத்து, உதவி மட்டும் நீங்கள் எழுதிவைத்த எண்ணுக்கு எட்டாமல் போனால்? உதவிப் பிரிவுக்கு ஆவணங்களோடு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். அப்போதும் எட்டாவிட்டால் விடுவிப்பு கேட்கலாம்; அவர்கள் ஏற்கும் காரணம் பொதுவாக அது ஒன்றுதான். உதவிக் கடிதத்தைப் பார்க்காமல் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்க வேண்டாம். மனம் மாறிவிட்டது என்று விலகினால் வழக்குப் போட மாட்டார்கள்தான், ஆனால் அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு அந்தக் கையெழுத்தின் மதிப்பு குறையும்.

விலை தெரியும் முன்பே வாங்குவதாக எழுதி வாங்கும் வியாபாரம் இது. இதற்கு எதிராக 2025 ஆகஸ்டில் 32 கல்லூரிகள் மீது அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சேர்க்கையையே 2006-இல் கைவிடுவதாக அறிவித்து, 2011-இல் திரும்பக் கொண்டுவந்த கதையும் உண்டு. எனவே மாறும் என்று காத்திருக்க முடியாது.

கிடைக்காவிட்டால் இரண்டாவது ஏர்லி டிசிஷன் சுற்று இருக்கிறது. வாண்டர்பில்ட், டஃப்ட்ஸ், எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நடத்துகின்றன. கெடு ஜனவரி தொடக்கம், முடிவு பிப்ரவரி. வழக்கமான சுற்றின் கெடுவும் பெரும்பாலும் அதே வாரம்தான். டிசம்பர் நடுவில் ‘இல்லை’ என்று வந்தால் கையில் மிஞ்சுவது இரண்டு வாரம், பள்ளியோ அரையாண்டு விடுமுறையில் பூட்டியிருக்கும். மற்ற கல்லூரிகளுக்கான கட்டுரைகளும் ஆசிரியர் பரிந்துரைகளும் நவம்பர் கடைசிக்குள் தயாராக இருக்கட்டும்.